கடற்கரை அழுக்கும் சுற்றுலாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் சாங்கியிலும் கடற்கரைத் துப்புரவுக்கு வரும் நம் தமிழ்க் குடும்பங்கள் கையுறையை மாட்டும்போதே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பாலிக்கு டிக்கெட் போட்டாச்சு, கடல் எப்படி இருக்கும்? பக்கத்து இந்தோனேசியத் தீவான பிந்தானில் பிள்ளையின் காலெல்லாம் தார் ஒட்டிக்கொண்டதே, அது என்ன? ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரத்தில் குளிக்கலாமா? இப்படிப் பல. அப்படி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கடற்கரை கொஞ்சம் அழுக்காக இருந்தால் சுற்றுலாவே படுத்துவிடுமா? பெரிதுபடுத்துகிறீர்களோ?

இல்லை. ஒரே ஒரு பெருமழை போதும். தென்கொரியாவில் கோஜே என்று ஒரு தீவு இருக்கிறது. 2011 ஜூலையில் அங்கே கொட்டிய மழையில் அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டை, பிளாஸ்டிக், நுரைத்துண்டுகள் எல்லாம் அந்தத் தீவின் கடற்கரைகளில் ஒதுங்கின. முந்தைய ஆண்டு கோடையில் சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் வந்த இடத்துக்கு அந்தக் கோடையில் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். 2.9 கோடி முதல் 3.7 கோடி அமெரிக்க டாலர் வரை வருமானம் போனதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இது திடீரென்று விழுந்த அடி, எல்லோர் கண்ணிலும் பட்டது. மெதுவாக நடக்கிற கேடு இதைவிட மோசமானது. ஒருமுறை வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர் மறுமுறை வரமாட்டார், தன் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிடுவார். அறை நிரம்பவில்லை என்று விடுதிக்காரர் வாடகையைக் குறைப்பார். வாடகை குறைந்ததும் முதலில் கைவைப்பது பராமரிப்புச் செலவில், அதிலும் கண்ணுக்குத் தெரியாத கழிவுநீர்த் தொட்டிச் செலவில்தான். கடல் இன்னும் கெடும், இன்னும் மலிவாக விற்க வேண்டிவரும். இந்தச் சரிவு பத்து வருடம் இழுக்கும் என்பதால் நடுவில் யாருக்கும் அவசரம் தெரிவதில்லை.

இந்த அழுக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது? பீச்சுக்கு வருகிறவர்கள் போடுவதுதானே?

பாக்கெட்டும் பாட்டிலும் சிகரெட் துண்டும் வருகிறவர்கள் போடுவதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கடற்கரை ஊரை உண்மையில் கெடுப்பது அதன் முதுகுப்பக்கம். விடுதிகளின் கழிவறை, சமையலறைச் சாக்கடை, சந்தை, ஊழியர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், ஊருக்குப் பின்னால் ஓடும் ஆறு என்று எல்லாம் சரிவில் இறங்கிக் கடைசியில் மணலுக்குத்தான் வந்து சேருகிறது. இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: கடற்கரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் அது சுத்தமாகாது. பின்னால் இருக்கும் குழாயும் கழிவறையும் சரியாக வேண்டும்.

கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பல தீவுகளில் பொதுக் கழிவுநீர்க் குழாயே கிடையாது, ஒவ்வொரு விடுதியும் தனக்கென்று ஒரு செப்டிக் டேங்க் வைத்திருக்கும். நல்ல களிமண் பூமியாக இருந்தால் அதிலிருந்து கசியும் நீர் மெதுவாக வடிகட்டி இறங்கும். கடற்கரை மணலில் அது விறுவிறுவென்று கீழே போய் நிலத்தடி நீரைத் தொடும், அங்கிருந்து பக்கத்துக் கிணற்றுக்கும் கடலுக்கும் போகும். அந்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருப்பதால் கடலில் பாசி தழைக்கிறது, பாசி பவளத்தின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது, பவளம் சாகிறது. வெப்பமண்டலத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பகுதி பவளமும் சிப்பியும் உடைந்து தூளானதுதான். அலையின் வேகத்தைத் தணித்து அந்த மணலைக் காப்பதும் அதே பவளத் திட்டுதான். அதாவது ஒரு விடுதியின் கழிவறை, விடுதிக்காரர் காசு வாங்கிக் காட்டுகிற மணலையே அரித்துவிடுகிறது.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் குளிக்கலாம்தானே?

தெளிவை நம்பாதீர்கள். கலங்கலாகத் தெரியும் தண்ணீர் வெறும் வண்டலாக இருக்கலாம், நம் சாங்கி அப்படித்தான். பளிச்சென்று இருக்கும் தண்ணீரில் கழிவறைக் கிருமி நிறைந்திருக்கலாம்.

கடல்நீரில் மலம் கலந்திருக்கிறதா என்று பார்க்க என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். உப்புத் தண்ணீரில் அது மற்ற சில கிருமிகளைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால் அதை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் தேசிய சுற்றுப்புற வாரியம் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலைப் பின்பற்றுகிறது: எடுக்கிற மாதிரிகளில் 95 விழுக்காட்டில் 100 மில்லிலிட்டருக்கு 200-க்கு மேல் போகக்கூடாது. ஒன்று கவனியுங்கள். பழைய முறைப்படி மாதிரியை வளர்த்துப் பார்த்து எண்ண ஒரு நாள் ஆகும், எனவே இன்று கிடைக்கும் முடிவு நேற்றைய தண்ணீரின் கணக்கு.

குளித்தால் அப்படி என்னதான் வந்துவிடும்?

பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, வாந்தி. காதுவலி, கண் சிவப்பது, தோலில் அரிப்பு ஆகியவையும் உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காமல் இருப்பதே நல்லது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் நிறைய கடல்நீரை விழுங்கிவிடுவார்கள் என்பதால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அசுத்தமான கடலில் குளிப்பதால் உலகில் ஆண்டுக்கு 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு வயிற்று நோயும் 5 கோடிப் பேருக்குக் கடுமையான சுவாச நோயும் வருவதாக 2003-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது.

சுற்றுலா ஊருக்கு இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நோய் வருவது பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிய பிறகு. இங்கே வந்து பொலிகிளினிக்கில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு அந்தத் தீவின் சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேராது. விடுதிக்காரரும் எங்கள் தண்ணீரால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று மனசார நம்பிக்கொண்டிருப்பார்.

ஒரு தீவையே இழுத்து மூடினார்களாமே, உண்மையா?

உண்மை. பிலிப்பீன்ஸில் போராக்காய். சுமார் 10 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள குட்டித் தீவு. 2017-இல் அங்கே ஏறத்தாழ 20 லட்சம் பேர் வந்தார்கள், வருமானம் 5,600 கோடி பெசோ. அவ்வளவு பேரின் கழிவையும் தாங்குகிற குழாய் வசதி அங்கே இல்லை. குழாய் போட்டிருந்த இடத்திலும் பல கடைகளும் விடுதிகளும் அதில் இணையவில்லை. மழைநீர் வடிகாலிலேயே சாக்கடையை விட்டார்கள், சிலர் நேராகக் கடலுக்கே குழாய் போட்டார்கள். தண்ணீரை உறிஞ்சி வடிகட்ட வேண்டிய ஈரநிலங்களில் கட்டடங்கள் எழும்பியிருந்தன. வெயில் காலத்தில் வெள்ளை மணல் ஓரமாகப் பச்சைப் பாசி மெத்தை மெத்தையாக மிதக்கும். அது இயற்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2018 பிப்ரவரியில் அப்போதைய அதிபர் டுட்டர்டே அந்தத் தீவைச் சாக்கடைக்குழி என்றே சொல்லிவிட்டார். ஏப்ரல் 26-ஆம் தேதி மூடினார்கள், அக்டோபர் 26-ஆம் தேதி திறந்தார்கள். ஆறு மாதம் முழுசாக வியாபாரம் இல்லை. அடிபட்டது யார் என்று பாருங்கள். படகோட்டி, மசாஜ் செய்யும் பெண்மணி, சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர், அன்றன்றைய கூலியில் சாப்பிடுகிற ஆயிரக்கணக்கானோர். குழாயைக் கடலுக்குத் திருப்பிய முதலாளியிடம் சேமிப்பு இருந்தது, இவர்களிடம் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் முன்னெச்சரிக்கை இருபது வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1997-இல் அதே கடலில், மலம் கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி அதிகம் என்று அரசாங்கம் அறிவித்ததும் பயணிகள் வரத்து சட்டென்று விழுந்தது. பிறகு கூட்டம் திரும்ப வந்தது, எல்லோரும் மறந்துபோனார்கள்.

திறந்த பிறகு, எத்தனை பேரைத் தீவு தாங்கும் என்று கணக்குப் போட்டு, நாளொன்றுக்குச் சுமார் 6,400 புதுப் பயணிகள் என்று வரம்பு வைத்தார்கள். கழிவுநீர் ஏற்பாட்டைச் சரிசெய்த விடுதிகளுக்கு மட்டும் முதலில் அனுமதி கொடுத்தார்கள். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

தாய்லாந்தின் மாயா பே-யும் இதே காரணத்தால்தானே மூடப்பட்டது?

அங்கே முக்கியக் காரணம் கூட்டமும் படகு நங்கூரமும். ஒரு சின்ன வளைகுடாவுக்கு நாளுக்கு 5,000 பேர் வரை வந்தார்கள். 2018 ஜூன் முதல் 2022 ஜனவரி வரை மூடி வைத்தார்கள். கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. இப்போது படகுகள் பின்பக்கமாகத்தான் வர வேண்டும், வளைகுடாவில் நீந்த முடியாது, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு, செப்டம்பரில் மூடிவிடுவார்கள். போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் பாலி போகிறோம். குத்தா கடற்கரை எப்படி?

அந்த மாதத்தில் குப்பை ஒதுங்கும், தயாராகப் போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்குப் பருவக்காற்றும் மழையும் சேர்ந்து ஆறுகளில் கிடந்ததையும் கடலில் மிதந்ததையும் குத்தா, லெகியான், செமின்யாக் பக்கம் கொண்டுவந்து தள்ளும். 2017 இறுதியில் சுமார் 6 கிலோமீட்டர் கடற்கரைக்குக் குப்பை நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். 700 துப்புரவாளர்கள், 35 லாரிகள், நாளுக்கு 100 டன் வரை அள்ளினார்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடி குப்பை. அள்ளுகிறவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, மேலே ஆற்றங்கரைக் கிராமங்களுக்குக் குப்பை லாரி ஒழுங்காகப் போகாதவரை இது நிற்காது. 2019-இலிருந்து பாலியில் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், நுரைப்பெட்டி ஆகியவற்றுக்குத் தடை இருக்கிறது, நல்ல விஷயம். கடலுக்காகவே போகிறீர்கள் என்றால் மழை ஓய்ந்த பிறகு, மே முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது.

சிங்கப்பூரில் இதெல்லாம் நடக்காது, இல்லையா?

2024 ஜூன் 14-ஐ மறந்துவிட்டீர்களா? வெள்ளிக்கிழமை மத்தியானம், ஹஜ்ஜுப் பெருநாள் நீண்ட வாரயிறுதிக்கு முன்பு, பள்ளி விடுமுறையும் சேர்ந்த நேரம். பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றுகொண்டிருந்த எண்ணெய் நிரப்பும் கப்பல் மீது, கட்டுப்பாடு இழந்த ஒரு தூர்வாரும் கப்பல் மோதியது. சுமார் 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட், செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு என்று தென்பக்கம் முழுக்கப் பரவியது. அந்த வாரம் ஈஸ்ட் கோஸ்ட்டில் கூடாரம் போட முன்பதிவு செய்திருந்தவர்களை எனக்குத் தெரியும். மிதிவண்டிப் பாதைவரை டீசல் வாடை அடித்தது, வேலி கட்டியாகிவிட்டது. செந்தோசாவில் கடற்கரைக்குப் போகலாம், ஆனால் தண்ணீரில் இறங்கக்கூடாது என்றார்கள். தண்ணீரில் இறங்க முடியாத கடற்கரைக்கு யார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள்?

எண்ணெய் அள்ளுவது எப்படிப்பட்ட வேலை என்று பலருக்குத் தெரியாது. மணல் மேல் படிந்த எண்ணெயை இயந்திரத்தால் வழித்து எடுத்தால் நல்ல மணலும் சேர்ந்து போய்விடும், விட்டுவைத்தால் அடுத்த அலை அதன் மேல் புது மணலைப் போர்த்திவிடும். அதனால் வெள்ளை உடுப்பு, ரப்பர் காலணி, கையுறை போட்ட ஊழியர்கள் வரிசையாக நின்று, வாரியாலும் மண்வெட்டியாலும் மேல் அடுக்கை மட்டும் சுரண்டிப் பையில் கட்டினார்கள். ஜூன் மாத வெயிலில், அந்த வாடையில். கற்சுவர் இடுக்குகளில் போய் உட்கார்ந்த எண்ணெய் இன்னும் பிடிவாதம், ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வரும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவி எடுக்க வேண்டும். துப்புரவு பல வாரங்கள் நீண்டது. அந்த வேலையில் இந்தியாவிலிருந்து வந்த நம் ஊர்க்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களுக்கு நாம் நன்றி சொன்னது போதாது என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் புக்கோம் தீவில் ஒரு குழாயிலிருந்து 30 முதல் 40 டன் எண்ணெய் கலந்த கழிவுநீர் கசிந்தது. உலகின் மிகப் பெரிய கப்பல் எரிபொருள் நிரப்பும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாம் பீச் வைத்திருக்கிறோம். இரண்டும் வேண்டும் என்றால் கவனமும் இரட்டிப்பாக இருக்க வேண்டும்.

சரி, எண்ணெயை விடுங்கள். நம் சாக்கடை ஒழுங்காகத்தானே இருக்கிறது?

இப்போது இருக்கிறது. 2008-இல் பாசிர் ரிஸ் கடற்கரையில் நீந்த வேண்டாம் என்று தேசிய சுற்றுப்புற வாரியமே சொன்னது. பழைய கழிவுநீர்க் குழாய்களில் இருந்த சின்னச் சின்னக் கசிவுகள் ஒரு காரணம். குழாய்களைப் பழுதுபார்த்த பிறகு தரம் உயர்ந்தது. யாரும் அங்கே மணலைக் கழுவவில்லை, ஊருக்குள் பூமிக்கடியில் இருந்த குழாயைத்தான் சரிசெய்தார்கள்.

சிங்கப்பூர் ஆறு இதற்கு இன்னும் பெரிய சாட்சி. எழுபதுகளில் அந்த ஆற்றோரம் வேலை செய்த தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள், நாற்றத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். 1977-இல் பிரதமர் லீ குவான் இயூ பத்து வருடத்தில் ஆறு சுத்தமாக வேண்டும் என்றார். ஆற்றுக்குள் இறங்கிக் குப்பை அள்ளியது அந்த வேலையின் ஒரு பகுதிதான். மீதி எல்லாம் கரையில் நடந்தது. சுமார் 26,000 குடும்பங்கள் கழிவறை உள்ள வீடுகளுக்கு மாறின, 610 பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருவோரக் கடைகள் குழாய் வசதியுள்ள உணவங்காடி நிலையங்களுக்குப் போயின, சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 1987-இல் முடிந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான், மலத்தை வாளியில் சேர்த்து ஆட்கள் தூக்கிச் செல்லும் வாளிக் கழிவறை முறையும் சிங்கப்பூரில் முற்றாக ஒழிந்தது. இடம் மாறியவர்கள் பலருக்கு அது வலியாகவும் இருந்தது, பிழைப்பை விட்டவர்களும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று படகுச் சவாரிக்கும் மரீனா பே-க்கும் வருகிற கூட்டம் அந்தக் கழிவறைகளின் மேல்தான் நிற்கிறது.

பிந்தானில் காலில் ஒட்டிய கறுப்பு என்ன? எப்படிப் போக்குவது?

தார்க்கட்டி. மணலில் கறுப்புக் கூழாங்கல் போலக் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் பிந்தான், பாத்தாம் கரைகளில் வருடா வருடம் ஒதுங்குகிறது. சில கப்பல்கள் தொட்டி கழுவிய கழிவெண்ணெயை நடுக்கடலில் ரகசியமாகக் கொட்டுவதுதான் காரணம். மார்ப்போல் என்ற அனைத்துலக ஒப்பந்தம் அதைத் தடுக்கிறது, ஆனால் இரவில் நடுக்கடலில் செய்தது யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். துறைமுகத்தில் முறைப்படி ஒப்படைத்தால் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தை மிச்சம்பிடிக்கிறார்கள். பிந்தான் விடுதி ஊழியர்கள் விடிகாலையில் சாக்கு சாக்காகப் பொறுக்குவார்கள், மீனவர் வலை வீணாகும்.

போக்குவதற்குச் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர் எல்லாம் பிள்ளைகள் தோலில் வேண்டாம்.

இலங்கையில் கப்பல் எரிந்ததே, அதனால் கடற்கரைக்கு என்ன ஆனது?

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. அது சிங்கப்பூர்க் கொடி தாங்கிய கப்பல், அதனால் நமக்கும் தொடர்புடைய விஷயம். அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. எல்லாப் பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலப்பொருள் அதுதான், பார்க்க ஜவ்வரிசி மாதிரியே இருக்கும். நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்கரைகளில் அது பனி பெய்தாற்போலக் கிடந்தது. சல்லடை வைத்து மணலைச் சலித்துத்தான் எடுக்க முடிந்தது, பல மாதங்கள் ஆகியும் மணலைத் தோண்டினால் கீழே இருந்தது. மீன் முட்டை என்று நினைத்துக் கடல் உயிரினங்கள் தின்றுவிடும். மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தடை, மீனை வாங்கவும் மக்கள் பயந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

ஊருக்குப் போகும்போது மெரினா, ராமேஸ்வரம் எல்லாம் போவோம். அங்கே?

மெரினாவில் கூவமும் அடையாறும் கலக்கின்றன, அந்த ஆறுகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். 2019 இறுதியில் மழைக்குப் பிறகு கடற்கரை நெடுக வெள்ளை நுரை பொங்கியது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடிக்கொண்டிருந்த படங்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதைத்தது. சோப்புத்தூளும் சுத்திகரிக்காத சாக்கடையும் சேர்ந்த நுரை அது. எண்ணூரில் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். அந்த வேலைக்கு வேண்டிய உடுப்புகூட நிறையப் பேருக்கு இல்லை.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது. குளித்துவிட்டு உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவரும் வழக்கமும் உண்டு. நம்பிக்கையோடு போகிறவர்களைத் தடுக்க நான் யார்? முழுகுங்கள், ஆனால் வாயில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துணியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு ஆறுதல் செய்தியும் சொல்கிறேன்: மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. நீரின் தரம், கழிவறை, பாதுகாப்பு என்று 33 நிபந்தனைகள் பார்த்துத்தான் அந்தக் கொடியைக் கொடுக்கிறார்கள். நம்மாலும் முடியும்.

சாங்கியில் படையல் பொருட்களைக் கடலில் விடுகிறோம். அது மாசா?

உதிர்த்த பூவும் இலையும் மக்கிவிடும். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பை, அலுமினியத் தட்டு, ஜரிகைத்துணி, நைலான் கயிறு மக்காது. விட்ட தேங்காய் அடுத்த கடலேற்றத்தில் கரைக்கே வந்து, எலியும் காக்கையும் கூடும். கரையில் பொருட்களை விட்டுவிட்டு வந்தால் குப்பை போட்ட குற்றமாகவும் ஆகலாம். அர்ச்சகரிடம் கேளுங்கள், கொஞ்சம் பூவை மட்டும் நீரில் விட்டு மீதியை வீட்டுக்கு எடுத்துவர அனேகமாக எல்லோரும் சம்மதிப்பார்கள். அடுத்த நாள் அதே மணலில் இன்னொரு குடும்பம் தன் அப்பாவுக்கான காரியத்தைச் செய்ய வரும், அவர்களுக்காகவாவது.

அந்த ஊர் மக்களுக்குத்தான் சுத்தம் தெரியவில்லை. அவர்கள் திருந்தாமல் என்ன செய்ய முடியும்?

இந்தப் பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விடுதி அறையில் ஒரு பயணி நாளெல்லாம் குளிர்ந்த நீரில் குளிக்கிறார், நீச்சல் குளம் நிரம்பி வழிகிறது. மதிலுக்குப் பின்னால் அதே விடுதியில் படுக்கை விரிக்கும் பெண்மணியின் குடியிருப்பில் பத்து வீட்டுக்கு ஒரு கழிவறை, அதற்கும் தண்ணீர் வராது. அவர் பிள்ளை கடற்கரையில் ஒதுங்கினால் அது சுத்தம் தெரியாததாலா? கழிவறை கட்டிக்கொடுத்து, தண்ணீர் கொடுத்து, தொட்டியைக் காலி செய்ய லாரி அனுப்பிவிட்டு, அதன் பிறகு பேச வேண்டும். சுற்றுலா வரியில் வருகிற பணம் முதலில் போக வேண்டிய இடமும் அந்தக் குடியிருப்புதான், அலங்கார விளக்குக்கும் ஊர்ப்பெயர் எழுதிய பெரிய எழுத்துப் பலகைக்கும் பிறகு போகட்டும்.

நம் சிங்கப்பூரும் இருபது முப்பது வருடத்துக்குள் மாறிய ஊர்தான். தாத்தா பாட்டி வாளிக் கழிவறைக் கதை சொல்லாத சிங்கப்பூர்க் குடும்பம் குறைவு.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை பை தூக்கிக்கொண்டு குப்பை பொறுக்குவதில் பயன் இல்லையா?

இருக்கிறது. குப்பையை வகை பிரித்து எண்ணும்போதுதான் எது எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு சிங்கப்பூரில் 1992-இலிருந்து நடக்கிறது, வருபவர்கள் எண்ணிக் குறித்துக் கொடுப்பதும் அதன் முக்கியமான பகுதி. அப்புறம், ஈஸ்ட் கோஸ்ட்டில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஒதுங்குவது அதிகம், அப்போது கூடுதல் கை தேவைப்படும். ஆனால் சதுப்புநிலப் பகுதிகளுக்குத் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள், கடலின் ஏற்ற இறக்கம் தெரிந்த அமைப்பாளரோடு போங்கள்.

கடற்கரையில் புகைக்கலாமா?

2022 ஜூலை 1 முதல் சிங்கப்பூரின் பொழுதுபோக்குக் கடற்கரைகளில் தடை. சிகரெட் வடிகட்டி பஞ்சு இல்லை, ஒருவகைப் பிளாஸ்டிக்.

முன்பதிவுக்கு முன்னால் ஒரு கடற்கரையைப் பற்றி என்ன விசாரிக்க வேண்டும்?

முதலில் மழை எந்த மாதம் என்று பாருங்கள். பிறகு பயணிகள் போட்ட சமீபத்துப் படங்கள், விடுதியின் சொந்தப் படம் வேண்டாம். வரைபடத்தில் கடற்கரையை ஒட்டி ஆறோ கால்வாயோ கடலில் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், விழுந்தால் அந்த வாயிலிருந்து தள்ளி இடம் பிடியுங்கள். விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்பவர் பெருமையோடு விவரமாகப் பதில் எழுதுவார். பத்துப் பேர் கேட்டால், செய்யாதவரும் யோசிக்க ஆரம்பிப்பார்.

மழை பெய்த பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

கலிஃபோர்னியாவில் 72 மணி நேரம் என்கிறார்கள். வெயில் நன்றாக அடித்தால் கிருமி சீக்கிரம் சாகும். குறைந்தது இரண்டு நாள் பொறுங்கள், லோங்காங் (வடிகால்) கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதுமே வேண்டாம்.

சிங்கப்பூரில் எண்ணெயோ சாக்கடையோ கடற்கரையில் கண்டால் யாரிடம் சொல்வது?

ஒன்சர்விஸ் செயலியில் படத்தோடு அனுப்புங்கள், சரியான துறைக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஒரு படம் பக்கத்திலிருந்து, இன்னொன்று தூரத்திலிருந்து, பின்னணியில் விளக்குக் கம்பத்தின் எண்ணோ கார்நிறுத்துமிடப் பலகையோ தெரிகிற மாதிரி. நேரத்தைக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் அடுத்த ஏற்றத்தில் இடம் மாறிவிடும். எண்ணெயைக் கையால் தொடாதீர்கள், எண்ணெய் பட்ட பறவையையோ ஆமையையோ நீங்களே கழுவ முயலாதீர்கள், தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிவிட்டு ஆள் வரும்வரை மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னால் போதும்.